பேர் கூப்பிடும் நேரம்

எங்கள் அப்பா தோட்டத்து லோரி ஓட்டியவர். கெடாவில் பீடோங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில்தான் அவர் வாழ்க்கை கழிந்தது. ஸ்டோரில் பால் ஏற்றுவது, டவுனிலிருந்து அரிசி சாமான் கொண்டு வருவது, சித்ரா பௌர்ணமிக்குச் சனங்களைச் சுங்கை பட்டாணி முருகன் கோயிலுக்கு அழைத்துப் போவது, எல்லாம் அவர் பொறுப்பு. ஊர்ச் சேதி முழுக்க அவர் லோரியில்தான் வந்து இறங்கும். சீனர் மளிகைக் கடையில் ஹொக்கியனில் விலை பேசுவார். கம்பத்து ஆட்களோடு மலாயில் அரட்டை அடிப்பார். லயத்துக்குத் திரும்பினால் தமிழில் ஓயாமல் கதை சொல்வார். அப்படிப்பட்டவருக்கு 2009-இல் ஒரு நாள் விடிகாலையில் ஸ்ட்ரோக் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. கால் சில மாதங்களில் ஓரளவு தேறி, தடி ஊன்றி நடந்தார். பேச்சு தேறவில்லை. "அதான்" என்ற ஒரு சொல் மட்டும் அவரிடம் மிஞ்சியது. பசி என்றாலும் அதான், கோபம் என்றாலும் அதான், பேரப்பிள்ளையைக் கொஞ்சினாலும் அதான்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுத்த இளம்பெண் எங்களை உட்கார வைத்து, ஒரு தாளில் மூளையை வரைந்து காட்டினார். பெரும்பாலானவர்களுக்குப் பேச்சை நடத்துவது மூளையின் இடது பாதி. உடம்பின் வலப்பக்கத்தை ஆட்டுவிப்பதும் அதே இடது பாதிதான். அங்கே ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டாலோ வெடித்தாலோ வலது கையும் பேச்சும் பல நேரம் சேர்ந்தே போகின்றன. 1861-இல் பாரிஸில் பால் புரோக்கா என்ற மருத்துவர், ஒரே ஓர் அசையை மட்டும் சொல்லிக்கொண்டிருந்த நோயாளி ஒருவர் இறந்த பிறகு அவர் மூளையைப் பார்த்து, சேதம் இடது பக்கத்து முன்பகுதியில் இருப்பதைக் காட்டினார். 1874-இல் ஜெர்மனியைச் சேர்ந்த கார்ல் வெர்னிக்கே இன்னொரு வகையை விளக்கினார். அந்த வகைக்காரர்கள் சரளமாகப் பேசுவார்கள், ஆனால் பேச்சில் பொருள் இருக்காது, மற்றவர் சொல்வதும் சரியாகப் பிடிபடாது. இந்தப் பேச்சிழப்புக்கு மருத்துவர்கள் சொல்லும் பெயர் அஃபேசியா. ஸ்ட்ரோக் வந்து பிழைப்பவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இது வருகிறது.

"உங்க அப்பாவுக்குப் புத்தி போகல. காது நல்லா கேக்குது. உங்களையெல்லாம் ஞாபகம் இருக்கு. சொல்ல வேண்டியது உள்ளே இருக்கு, வெளியே வர்ற வழிதான் அடைச்சிருக்கு." அந்தப் பெண் இதை அப்பா முகத்தைப் பார்த்தபடி, அவருக்கே சொல்வதுபோல் சொன்னார். அப்பாவின் கண் கலங்கியது. நோய் வந்த நாளிலிருந்து அவரை நேராகப் பார்த்து முழு வாக்கியம் பேசிய முதல் அந்நியர் அவர்தான்.

ஆனால் அவரைப் போன்றவர்கள் நாட்டில் மிகக் குறைவு. மலேசியாவில் பேச்சு சிகிச்சைக்கான பட்டப்படிப்பு 1995-இல் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தில்தான் முதன்முதலாகத் தொடங்கியது. அதற்கு முன்னால் படிக்க வேண்டுமென்றால் வெளிநாடு போக வேண்டும். தமிழ் பேசக்கூடிய பயிற்சியாளர் என்று தேடினால் எண்ணிக்கை இன்னும் சுருங்கும். எங்களுக்குக் கிடைத்த பயிற்சி நாள்களுக்கு இடையே வாரங்கள் விழுந்தன, பிறகு மாதங்கள் விழுந்தன. கடைசியில் "வீட்டிலேயே நிறைய பேசிப் பழகுங்க" என்று அனுப்பி வைத்தார்கள். அது நல்ல யோசனைதான். யாரோடு பேசுவது என்பதுதான் எங்கள் கவலை.

தோட்டத்தில் இருந்திருந்தால் அந்தக் கவலை வந்திருக்காது. லயத்தில் வீட்டுக்கு வீடு ஒரே சுவர். வாசலில் உட்கார்ந்தால் போகிறவர் வருகிறவர் எல்லோரும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போவார்கள். ஆனால் கெடாவின் தோட்டங்கள் ஒவ்வொன்றாக மாறிக்கொண்டே வந்தன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. சில இடங்களில் அதுவும் போய் வீடமைப்புத் திட்டங்களும் தொழிற்சாலைகளும் வந்தன. 1996-இல் கூலிம் ஹைடெக் பூங்கா திறந்த பிறகு எங்கள் பிள்ளைகள் பலர் அங்கேயும் கடல் தாண்டிப் பினாங்கின் பாயான் லெப்பாசிலும் ஷிப்ட் வேலைக்குப் போனார்கள். நாங்களும் சுங்கை பட்டாணியில் ஒரு தாமானில், அதாவது வீடமைப்புக் குடியிருப்பில், வரிசை வீடு வாங்கிக் குடியேறினோம். சொந்த வீடு கிடைத்ததில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் தாமானில் கேட் சாத்தியே இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தவர் என்பதே பல வருடம் தெரியாமல் போகும்.

அப்பாவைப் பார்க்க முதலில் நிறைய பேர் வந்தார்கள். ஆரஞ்சு, பிஸ்கட், ஹார்லிக்ஸ் எல்லாம் மேசையில் குவிந்தன. வந்தவர்கள் அவருக்குக் காது கேட்காது என்பதுபோல் உரக்கக் கத்தினார்கள். அவர் "அதான்" என்றதும் என்ன செய்வதென்று தெரியாமல் அம்மா பக்கம் திரும்பி, "சாப்பிடுறாரா? தூங்குறாரா?" என்று விசாரித்தார்கள். அவர் எதிரிலேயே அவரைப் பற்றி மற்றவர்களிடம் கேட்டார்கள். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. அன்பிருந்தும் வழி தெரியவில்லை. ஆறு மாதத்தில் வரத்து நின்றுவிட்டது. நாங்கள் வேலைக்குப் போன பிறகு அப்பாவுக்குத் துணை அம்மாவும் டிவியும்தான்.

அந்த நாள்களில்தான் அரசாங்க கிளினிக்கில் ரத்த அழுத்த மாத்திரைக்கு வரிசையில் நின்ற அம்மாவிடம், ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியை ஒருவர் பேச்சுக் கொடுத்திருக்கிறார். அவர் கணவருக்கும் இதே கதை. கணவர் போய்ச் சேர்ந்த பிறகும், அவருக்காகத் தொடங்கிய சனிக்கிழமைக் கூட்டத்தை டீச்சர் விடாமல் நடத்திக்கொண்டிருந்தார். சங்கம், பதிவு, பெயர்ப்பலகை எதுவும் கிடையாது. கோயில் மண்டபத்துப் பின்பக்கத்துத் தாழ்வாரம்தான் இடம். பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு வெள்ளைப் பலகை, தடித்த பேனாக்கள், பெரிய பிளாஸ்கில் தேநீர். வர முடியாதவர்களை ஏற்றி வர ஒருவருடைய பழைய வேன். செலவை வந்தவர்கள் உண்டியலில் போட்டதை வைத்துச் சமாளித்தார்கள்.

அப்பா முதல் நாள் வர மறுத்தார். டீச்சரே வேனில் வந்து இறங்கி, "அண்ணே, எங்களுக்கு லோரி டிரைவர் ஒருத்தர் குறையுறார், வாங்க" என்றார். அப்பா எழுந்து சட்டை மாற்றிக்கொண்டார்.

அங்கே கூட்டம் தொடங்கும் விதம் இன்றும் எனக்குச் சிலிர்ப்பைத் தரும். தோட்டத்தில் விடியுமுன் பெரட்டுக்களத்தில் எல்லோரும் கூடுவார்கள். விளக்கு வெளிச்சத்தில் பேர் கூப்பிடுவார்கள். ஒவ்வொருவரும் குரல் கொடுப்பார்கள். அதன் பிறகுதான் யாருக்கு எந்த நெரை, அதாவது எந்த மரவரிசை, என்று வேலை பிரியும். எங்கள் கூட்டத்துத் தொண்டர்களில் ஒருவர் பழைய மண்டோர் (தோட்டத்து மேற்பார்வையாளர்). அவர் கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு எழுந்து நின்று, அதே கம்பீரத்தோடு பேர் கூப்பிடுவார். கூப்பிட்டவர் தம்மால் முடிந்த விதத்தில் பதில் சொல்ல வேண்டும். சிலர் கையைத் தூக்குவார்கள். சிலர் "ஆ" என்பார்கள். சீனர் ஒருவர் மலாயில் "அடா" (இருக்கிறேன்) என்பார். பதில் வரும்வரை மண்டோர் அடுத்த பேருக்குப் போகமாட்டார். ஒரு நிமிடம் ஆனாலும், இரண்டு நிமிடம் ஆனாலும் அத்தனை பேரும் காத்திருப்பார்கள். யாரும் எடுத்துக் கொடுக்கமாட்டார்கள். முதல் நாள் அப்பாவின் பேர் வந்தபோது அவர் "அதான்" என்றார். மண்டோர் தலையாட்டிப் புத்தகத்தில் குறித்துக்கொண்டார். பல மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, நெற்றியில் வியர்வை துளிர்க்க, "இருக்... கேன்" என்று வந்தது. தாழ்வாரமே கைதட்டியது.

தொண்டர்கள் யாரும் மருத்துவம் படித்தவர்கள் அல்ல. டீச்சர், மண்டோர், தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசராக இருந்த பெரியவர், வேன் ஓட்டும் தம்பி, தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்து நேராக வந்துவிடும் இரண்டு இளம்பெண்கள், இவர்கள்தான். ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பேச்சுப் பயிற்சியாளர் தம் விடுமுறை நாளில் வந்து இவர்களுக்குச் சில முறைகளைக் கற்றுக் கொடுத்திருந்தார். கேட்டால் சாதாரணமாகத்தான் இருக்கும். டிவி, ரேடியோ சத்தம் இருக்கக் கூடாது. எதிரே உட்கார்ந்து முகம் பார்த்துப் பேச வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு விஷயம். பேசும்போதே முக்கியமான சொல்லைத் தாளில் பெரிதாக எழுதிக் காட்ட வேண்டும். "என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டுவிட்டு நிற்காமல் இட்லி, தோசை, ரொட்டி என்று எழுதிக் கொடுத்தால் விரல் தொட்டுக் காட்டும். பேச்சிழந்தவர்களுக்கு ஆமாம் என்பதும் இல்லை என்பதும் மாறி வந்துவிடுவது உண்டு. அதனால் பதிலை இன்னொரு முறை, கட்டைவிரலை உயர்த்தியும் தாழ்த்தியும் காட்டி உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். புரியாவிட்டால் புரிந்ததாகப் பாசாங்கு செய்யவே கூடாது. "நீங்க சொல்ல வர்றது உங்களுக்குத் தெரியும், எனக்குத்தான் இன்னும் பிடிபடல. மறுபடியும் பார்ப்போம்" என்று சொல்ல வேண்டும். இந்தக் கடைசி விதியை டீச்சர் பலகையின் மேல் நிரந்தரமாக எழுதி வைத்திருந்தார்.

எண்ணிச் சொல்வதும் அங்கே பழக்கினார்கள். தனியாகக் கேட்டால் எண் வராது. ஆனால் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகத் தொடங்கினால் நாக்கு தானாக ஓடும், வேண்டிய எண் வந்ததும் நிறுத்திக்கொள்ளலாம். எத்தனை பேரப்பிள்ளைகள் என்று கேட்டால் அப்பா ஒன்றிலிருந்து எண்ணிக்கொண்டு வந்து சரியாக ஏழில் நிறுத்துவார். கிழமை, மாதம், மனப்பாடமான தேவாரம் எல்லாம் இப்படித்தான் வந்தன. சிறுவயதிலிருந்து பழகிப்போன தொடர்கள் தேடிப் பிடிக்க வேண்டிய பேச்சைவிட எளிதாகப் பிழைத்துக்கொள்கின்றன என்று பயிற்சியாளர் விளக்கினார். அப்பாவுக்குச் சில சொற்கள் தமிழில் வருமுன் மலாயில் வந்தன. "மாக்கான்" என்பார், "சாப்பாடு" வராது. அம்மாவுக்கு அது மனக்கஷ்டமாக இருந்தது. பல மொழி பேசுகிறவர்களுக்கு எந்த மொழி முதலில் திரும்பும் என்பதை மருத்துவ உலகம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே விவாதித்து வருகிறது. சிறுவயது மொழி என்றார் பிரான்சின் ரீபோ. நோய்க்கு முன் அதிகம் புழங்கிய மொழி என்றார் பீத்ர். ஆளுக்கு ஆள் மாறுகிறது என்பதுதான் இன்றைய அனுபவம். டீச்சர் அம்மாவிடம், "எந்த மொழியில வந்தாலும் வாசலைத் திறந்து வைங்க" என்றார்.

பால்மரம் வெட்டிய அக்கா ஒருவர் எங்கள் கூட்டத்தில் இருந்தார். அவருக்கும் வலது கை விழுந்துவிட்டது. ஒரு சனிக்கிழமை அவர் எதையோ சொல்ல வந்தார். இடது கையால் காற்றில் சாய்வாக ஓர் இழுப்பு. மறுபடியும் அதே இழுப்பு. "உளியா?" என்றார் மண்டோர். அக்கா ஆமாம் என்று தலையசைத்தார், ஆனால் அதோடு முடியவில்லை. "நெர... நெர..." என்றார். மண்டோருக்கு அது நெரை என்று உடனே பிடிபட்டது. டிரெசர் பெரியவர் ஒரு தாளை எடுத்து அந்தத் தோட்டத்தை வரையத் தொடங்கினார். இது லயம், இது கோயில், இது ஸ்டோர், இது ஆயாக்கொட்டகை, இது ஆறு. அக்காவின் விரல் தாளின் மேல் ஊர்ந்து ஆற்றோரத்து நெரையில் போய் நின்றது. பிறகு அந்தக் கையை வயிற்றில் வைத்தார், பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகளைத் தொட்டார்.

பெரியவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அடடே, நீயா அது? மழை நாள். நெரையிலேயே வலி எடுத்து, சேலையைச் சுற்றி மறைச்சு, அங்கேயே பிள்ளை பிறந்துச்சே. ஓட்டமும் நடையுமா வந்தேனே நான்." அக்காவின் முகம் மலர்ந்துபோயிற்று. கட்டைவிரலை உயர்த்திக்கொண்டே இருந்தார். நாற்பதைத் தாண்டிய மகள், தான் ரப்பர் மரத்தடியில் பிறந்தவள் என்பதை அன்றுதான் அறிந்தாள். அன்று மகளுக்குப் பிறந்தநாள். அக்கா காலையிலிருந்து அதைச் சொல்லத்தான் தவித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அன்று நான் தெரிந்துகொண்டதை இன்றுவரை எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். பேச்சிழந்தவர் பாதி சொல்வார், மீதியைக் கேட்பவர் ஊகிக்க வேண்டும். அவர் வாழ்ந்த வாழ்க்கை தெரிந்தவரால்தான் சரியாக ஊகிக்க முடியும். கோலாலம்பூரில் படித்த பயிற்சியாளர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் ஆற்றோரத்து நெரை அவருக்குத் தெரியாது. மண்டோருக்குத் தெரியும், டிரெசருக்குத் தெரியும். அவர்கள் மருத்துவருக்கு மாற்று ஆகமாட்டார்கள், மருத்துவரால் தர முடியாததைத் தருகிறவர்கள். தோட்டங்கள் கலைந்து, தெரிந்த முகங்கள் ஆளுக்கொரு தாமானில் சிதறிவிட்ட கெடாவில் அவர்களைத் தேடிப் பிடித்து ஓரிடத்தில் உட்கார வைப்பதே சிகிச்சையில் பாதி.

இந்த எண்ணம் நமக்கு மட்டும் தோன்றியதல்ல. 1965-இல் அமெரிக்க நடிகை பட்ரீசியா நீலுக்கு அடுத்தடுத்து ஸ்ட்ரோக் வந்து பேச்சும் நடையும் போயின. அவர் கணவர், எழுத்தாளர் ரோல்ட் டால், இங்கிலாந்தில் தாங்கள் வாழ்ந்த கிரேட் மிஸ்ஸெண்டன் கிராமத்து அக்கம்பக்கத்தாரை முறைவைத்து வரச்செய்து அவரோடு பேசவும் படிக்கவும் ஏற்பாடு செய்தார். அப்படி வந்தவர்களில் ஒருவர் வேலரி ஈட்டன் கிரிஃபித். மருத்துவப் பயிற்சி இல்லாதவர். நீல் 1968-இல் மறுபடியும் படத்தில் நடித்து ஆஸ்கார் பரிந்துரை பெற்றார். கிரிஃபித் அந்த அனுபவத்தை நூலாக எழுதினார். 1973-இல் அவர் முயற்சியில் பிரிட்டனில் ஸ்ட்ரோக் நோயாளிகளுக்கான தொண்டர் திட்டம் தொடங்கியது. கனடாவின் டொரோண்டோவில் 1979-இல், பேச்சிழந்த கணவரைப் பராமரித்த பேட் அராட்டோ என்ற பெண்மணி தொடங்கிய மையம், பேச்சிழந்தவரோடு உரையாடும் முறையைத் தொண்டர்களுக்குக் கற்றுத் தருவதில் உலகத்துக்கே முன்மாதிரி ஆனது. நம் நாட்டில் 1996-இல் மலேசியத் தேசிய ஸ்ட்ரோக் சங்கத்தைத் தொடங்கிய ஜேனட் இயோ, தாமே ஸ்ட்ரோக்கிலிருந்து மீண்டவர். பெட்டாலிங் ஜெயாவில் ஆரம்பித்த அந்தச் சங்கம் பினாங்கு உட்படப் பல ஊர்களில் மையம் வைத்தது. எல்லாக் கதையிலும் ஒரு வீட்டின் துயரத்திலிருந்துதான் பொதுவேலை புறப்பட்டிருக்கிறது. எங்கள் டீச்சரும் அந்த வரிசையைச் சேர்ந்தவர்.

தேநீருக்குப் பிறகு பாட்டு. சீனர், மலாய்க்காரர் என்று வருகிறவர்கள் எல்லோரும் பாடுவார்கள். கம்பத்து அம்மா ஒருவர் பி. ரம்லி பாட்டைத் தொடங்கினால் அத்தனை பேரும் சேர்ந்துகொள்வார்கள். "அடா" சொல்லும் அந்தச் சீனர், தெரேசா டெங் பாட்டை முழுசாகப் பாடுவார். சொந்த மனைவியின் பேரைச் சொல்ல முடியாத மனிதர், நான்கு அடிப் பாட்டைச் சொல் பிசகாமல் பாடுவதை முதன்முறை பார்ப்பவர்களுக்குக் கண்ணீர் வந்துவிடும். அப்பாவுக்கு டி.எம்.எஸ். பாட்டு. லோரியில் பாடிய பாட்டுகள் எல்லாம் அப்படியே இருந்தன. பாட்டில் மூளையின் வலது பாதிக்கும் பங்குண்டு. இந்த அனுபவத்தை அடிப்படையாக வைத்து 1973-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து ஆய்வாளர்கள், ராகம்போல் இழுத்துச் சொல்லிச் சொல்லிப் பேச்சை வரவழைக்கும் பயிற்சியை வகுத்தார்கள். வேன் தம்பி அதைக் கேள்விப்பட்டு, "தண்ணி வேணும்" என்பதை மெட்டுப் போட்டு அப்பாவுக்குப் பழக்கினார். இடது கையால் தொடையில் தாளம் தட்டி அப்பா அதைப் பாடிக் கேட்பார். வீட்டில் கேட்டு வாங்கிக் குடித்த முதல் தண்ணீர் அது.

மாதம் ஒருமுறை வெளியே போவார்கள். மெர்போக்கில் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போனது நினைவிருக்கிறது. ஆனால் டீச்சர் அதிகம் விரும்பியது சாதாரணக் கோப்பிக்கடையைத்தான். அங்கே ஒரே ஒரு நிபந்தனை: வேண்டியதை அவரவரே கேட்டு வாங்க வேண்டும், கூட வந்தவர்கள் வாய் திறக்கக் கூடாது. கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்கள். அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அப்பா எதிரில் நின்றார். அப்பா வாயைத் திறந்தார், மூடினார். அம்மா தன் விரல்களைத் தானே இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா பக்கத்து மேசைக் கோப்பையைக் காட்டினார். கடைக்காரர் "கோப்பியா, தேயா?" என்றார். "கோ..." என்று அப்பா பிடித்துக்கொண்டார். "கோப்பி." பிறகு தாமாகவே, "ஓ" என்றார். பால் போடாத கோப்பி. அவர் லோரி ஓட்டிய காலமெல்லாம் குடித்தது அதுதான். ஸ்ட்ரோக் வந்ததிலிருந்து நாங்கள் அவருக்குப் பால் கோப்பிதான் கலக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். அன்றிலிருந்து வீட்டிலும் கோப்பி ஓ.

கூட்டம் நோயாளிகளுக்கு மட்டுமல்ல. அவர்கள் பேசிக்கொண்டிருக்கும் அந்த இரண்டு மணி நேரம் மனைவிமார்கள் மண்டபத்தின் மறுபக்கம் உட்கார்ந்திருப்பார்கள். தொடக்கத்தில் காய்கறி நறுக்கவும் கோலம் போடவும் ஏதாவது வேலை தேடுவார்கள். சும்மா உட்காருவது அவர்களுக்கு மறந்துபோயிருந்தது. மெல்ல மெல்லப் பேசத் தொடங்கினார்கள். இரவில் எத்தனை முறை எழ வேண்டியிருக்கிறது, ஊருட் என்று உடம்பு பிடித்துவிடுகிறவருக்கு எவ்வளவு கொடுத்து ஏமாந்தோம், கோபத்தில் அவர் தட்டை வீசியபோது என்ன செய்தோம் என்று. பேச்சிழந்தவருக்கு மனச்சோர்வு வருவது சகஜம், பராமரிப்பவருக்கும் வரும் என்பதை அம்மா அங்கேதான் கேட்டறிந்தாள். மற்றவர்கள் வாயால் தன் கதையைக் கேட்ட பிறகுதான் அவள் முகத்தில் பழைய சிரிப்பு வந்தது.

கெடாத் தோட்டத்து மக்களுக்குத் தொண்டு புதிதல்ல. 1946-இல் பீடோங் ஹார்வார்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி தலைமையில் எழுந்த தொண்டர் படை, கள்ளுக்கடைகளின் முன் நின்று மறியல் செய்தது. குடியால் அழிந்த குடும்பங்களைத் தொழிலாளர்களே மீட்கப் புறப்பட்டார்கள். 1947-இல் போலீஸ் அந்த இயக்கத்தை அடக்கியது, ஆனால் அதன் நினைவு எங்கள் தாத்தா காலத்தவர்களிடம் கனன்றுகொண்டே இருந்தது. பிறகு வந்த மணிமன்றங்கள் என்ற இளைஞர் அமைப்புகள் தோட்டந்தோறும் இளைஞர்களை மேடையேற்றிப் பேசவும் நடிக்கவும் வைத்தன. 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பால்மரம் வெட்டுகிறவர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்கு சேர்ந்தார்கள். அந்தச் சங்கம் முதலில் வாங்கிய தோட்டம் கெடாவின் புக்கிட் சீடிம். கையில் எதுவும் இல்லாத மக்கள் சேர்ந்து இத்தனையும் செய்திருக்கிறார்கள். அவர்களின் பிள்ளைகளான நமக்கு வீடும் காரும் போனும் இருக்கின்றன. சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரத்தை நம்மாலும் கொடுக்க முடியும்.

அப்பா பழையபடி பேசவே இல்லை. சில டஜன் சொற்கள், பாட்டுகள், எண்கள், கை சாடை, தாளில் இடது கையால் கிறுக்கிய படங்கள், அவ்வளவுதான் திரும்பின. அவற்றைக் கொண்டு பேரனுக்கு லோரி ஓட்டிய கதைகள் சொன்னார், அம்மாவோடு சண்டை போட்டார், பக்கத்து வீட்டுக்காரரோடு ஃபுட்பால் பார்த்தார். கூட்டத்துக்குப் புதிதாக வருகிறவர்களை வாசலில் நின்று கைப்பிடித்து அழைத்துப்போகும் வேலையைத் தாமே எடுத்துக்கொண்டார். அந்த வேலைக்கு அதிகப் பேச்சு தேவைப்படவில்லை. வேறொரு நோயில் அவர் காலமானபோது கூட்டத்துக்காரர்கள் அத்தனை பேரும் வந்து நின்றார்கள். அம்மா இன்றும் சனிக்கிழமை போகிறாள், நானும் போகிறேன். அம்மா தேநீர் கலக்குகிறாள், நான் பலகையில் எழுதுகிறேன்.

வருகிறவர்கள் எண்ணிக்கை குறையப்போவதில்லை. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அது மிக அதிகம். நீரிழிவும் ரத்த அழுத்தமும் ஸ்ட்ரோக்குக்கு வழி திறப்பவை. நாற்பது வயதுக்காரர்களே இப்போது எங்களிடம் வருகிறார்கள். முகம் கோணி, கை தளர்ந்து, பேச்சு குழறினால் ஊருட்டுக்கும் மந்திரிக்கவும் ஓடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று கோயில் கோயிலாகச் சொல்லி வருகிறோம். அடைப்பைக் கரைக்கும் மருந்தை நான்கரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும்.

எங்கள் தொண்டர்களுக்கோ வயதாகிறது. தோட்டத்தின் வரைபடத்தை மனதில் வைத்திருக்கும் தலைமுறை இது ஒன்றுதான். அவர்கள் இருக்கும்போதே இளையவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். கூலிம், பாடாங் செராய், கோல கெட்டில், குரூண், பாலிங் என்று ஒவ்வோர் ஊரிலும் இப்படி ஒரு கூட்டம் நடக்கலாம். இடத்துக்குக் கோயில் மண்டபமோ தமிழ்ப்பள்ளியோ போதும். கற்றுக்கொடுக்க ஒரு காலைப் பொழுது வரும்படி ஆஸ்பத்திரிப் பேச்சுப் பயிற்சியாளரைக் கேளுங்கள், மனமுவந்து வருவார்கள். ஐந்து நாற்காலி, ஒரு பலகை, தேநீர், காத்திருக்கத் தெரிந்த மூன்று பேர் இருந்தால் தொடங்கிவிடலாம்.

உங்கள் தாமானிலும் கேட் சாத்திய ஏதோ ஒரு வீட்டுக்குள் பேச்சிழந்த ஒருவர் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறார். அவர் எந்தத் தோட்டத்தில் வேலை செய்தார், என்ன வேலை செய்தார், யாரோடு பழகினார் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால் அவரோடு பேச வேறு தகுதி வேண்டாம். ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே போங்கள். அவர் எதிரில் உட்காருங்கள், பேர் சொல்லிக் கூப்பிடுங்கள், பதில் வரும்வரை இருங்கள்.